தேக்குப் புழுவை டப்பாவில் வளர்த்தல்: முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை மூன்று வாரம்

தேக்கின் நுனித் தளிரைக் கிள்ளி விரலிடுக்கில் கசக்கினால் மருதாணி பிடித்ததுபோல் விரல் சிவக்கும். அதே தளிரை மடித்துப் பார்த்தால் துணிபோல் மடியும், முறியாது. சில வாரம் கழித்து அந்த இலையைத் தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். மடித்தால் நரம்போடு சேர்ந்து ஒடியும். தேக்குப் புழு வளர்ப்பில் பாதிக்கு மேல் கெட்டுப்போவது இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான். மீதிப் பாதியில் பெரும்பங்கு ஈரத்துக்குப் போகும்.

பூச்சியின் பெயர் ஹிப்லேயா புவேரா. கிராமர் 1777-ல் பெயரிட்டது. முன்பு நாக்டுயிட் என்னும் அந்துப்பூச்சிக் கூட்டத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். இப்போது ஹிப்லேயிடே என்று தனிக் குடும்பம். உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் ஒன்றுமில்லை: சாம்பல் கலந்த பழுப்பு முன்சிறகு, ஓட்டுக்கூரைபோல் சரிந்து மூடியிருக்கும், காய்ந்த சருகுத் துண்டு என்று கடந்துபோய்விடலாம். தலைக்கு முன்னால் அலகுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டு உணர்விகள் ஒரு அடையாளம். சிறகை விரித்தால்தான் சங்கதி தெரியும். பின்சிறகு கறுப்பு, அதில் ஆரஞ்சு மஞ்சள் திட்டுகள். விரித்த சிறகின் அகலம் 3 முதல் 4 செ.மீ.

இதை எதற்கு வளர்க்க வேண்டும்? படமெடுக்க என்றால் அழகான பூச்சிகள் வேறு நிறைய உண்டு. இதில் கிடைக்கும் பலன் வேறு. இந்தப் பூச்சி பெருகும்போது ஒரு தோப்பில் இருக்கும் புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வயது. தாய்ப்பூச்சிகள் கூட்டமாக வந்து, அடுத்தடுத்த சில இரவுகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஆகவே எந்தப் பருவம் எத்தனை நாள் நீடிக்கும் என்று டப்பாவில் பார்த்து வைத்துக்கொண்டால், தோப்பில் ஒரு இலையைப் பார்த்தே பூச்சி வந்த இரவைப் பின்னோக்கி எண்ணிவிடலாம். எத்தனை நாளில் புழு இறங்கும் என்பதும் தெரிந்துவிடும். தேக்கு வைத்திருக்கும் விவசாயிக்கு மருந்து அடிப்பதா, சும்மா இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் 1840-களில் தேக்கு நட ஆரம்பித்தார்கள். இந்தப் பூச்சியைப் பற்றிய நம்மூர் அறிவில் பெரும்பகுதி அந்த நிலம்பூர்த் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலையிலிருந்து வந்தது. 1985-ல் வெளியான அவர்களின் கணக்கு இன்றும் எல்லோரும் சொல்வது: புழு தின்னாமல் காப்பாற்றிய இளந்தேக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 6.7 கன மீட்டர் பருத்தது, காப்பாற்றாதது 3.7 கன மீட்டர். வளர வேண்டியதில் 44 சதவீதம் போய்விட்டது. மரம் சாவதில்லை, மறுபடி துளிர்த்துவிடும். அதனாலேயே பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

எங்கே எடுப்பது

டாப்சிலிப் போன்ற இடங்களில் தேக்கு நிறைய இருக்கிறது என்பதற்காக அங்கே போய்ப் பறிக்கக் கூடாது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இலையும் எடுக்கக் கூடாது, புழுவும் எடுக்கக் கூடாது. பட்டா நிலத்தில் வரப்போரமாக நாலு தேக்கு நட்டிருப்பவர்களிடம் கேட்டாலே போதும். கன்றுகளும், வெட்டிய கட்டையிலிருந்து அடித்த போத்துகளும் இருந்தால் இன்னும் நல்லது; கைக்கு எட்டும் உயரத்தில் தளிர் கிடைக்கும்.

காலம்: இலையுதிர்ந்து நின்ற தேக்கு கோடை மழையில் துளிர்விடும் நேரம். நிலம்பூர்ப் பக்கம் பிப்ரவரிக் கடைசியிலேயே முதல் கூட்டம் தென்படுவதுண்டு; அப்போது ஓரிரு ஹெக்டேர் அளவுக்குச் சின்னச் சின்னத் திட்டாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பரவலாகும். நாட்காட்டியைப் பார்ப்பதைவிட மரத்தைப் பார்ப்பதே மேல். மழை விழுந்து, துளிர் விரல் நீளம் வந்ததும் தினமும் ஒரு நடை போய்வர வேண்டும்.

பக்கத்து வயலில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் இலை பறிக்க வேண்டும். பருத்தி வயலுக்குப் பக்கத்துத் தேக்கு என்றால் சந்தேகத்தோடே அணுகுவது நல்லது. எந்தப் புது மரத்து இலையையும் முதலில் இரண்டு புழுவுக்கு மட்டும் ஒருநாள் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவை துடிப்பாக இருந்தால் மற்றவற்றுக்குக் கொடுப்பது பழக்கமாக இருக்கட்டும்.

சாமான்கள்

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா 4. மூடியில் நடுவே பெரிதாக வட்டம் வெட்டி, அதை வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட வேண்டும். சின்னச் சின்ன ஓட்டை போட்ட மூடி உதவாது. ஓட்டை இருந்தும் உள்ளே வியர்க்கும், முதல் பருவப் புழு (பொரிந்ததிலிருந்து முதல் தோலுரிப்பு வரை உள்ளது) அந்த ஓட்டை வழியாகவே வெளியேயும் போய்விடும். 200 மி.லி. காகிதக் கப் அல்லது சின்ன டப்பா 20, கடைசிப் பருவத்தில் தனித்தனியாக வைக்க. இரட்டைப் பூஜ்ய அளவு ஓவியத் தூரிகை ஒன்று. குட்டிப் புழுவை இடுக்கியால் தொட்டால் நசுங்கும். டிஷ்யூ பேப்பர், பஞ்சு, தண்ணீர் ஊற்றி வைக்கச் சின்ன மருந்துப் புட்டிகள், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நோட்டுப் புத்தகம். பூச்சி வெளிவந்த பிறகு வைக்க 30 செ.மீ. சதுரமும் 45 செ.மீ. உயரமும் உள்ள கொசுவலைக் கூண்டு. கூண்டும் டப்பாவும் நிற்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைக்க வேண்டும். சமையலறையில் எறும்புக்குச் செய்யும் அதே வேலைதான். இதைச் செய்யாமல் விட்டால் ஒரே ராத்திரியில் கூட்டுப்புழு அத்தனையும் காலி.

சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்பான் ஒரு பாட்டில். கடையில் கிடைப்பது சுமார் 4 சதவீதம்; ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் போதும். எதற்கு என்பது பின்னால் வரும்.

முட்டையைத் தேடுவது

முட்டை தளிரின் அடிப்பக்கத்தில், நரம்பை ஒட்டி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஒட்டியிருக்கும். கொத்தாக இருந்தால் அது வேறு ஏதோ பூச்சியினுடையது. தட்டையாக, நீள்வட்டமாக, வெள்ளையாக, ஒரு மி.மீ. நீளத்தில் இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காமல் சாய்த்துப் பிடித்து, சூரியன் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால் கண்ணுக்குப் படும். மேலே இரண்டு ஜோடி இலைகளை மட்டும் பார்த்தால் போதும்; அதற்குக் கீழே தேடுவது நேர விரயம். தாய்ப்பூச்சிக்கு இலையின் வயது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முட்டை உள்ள இலையைக் காம்போடு வெட்டி, காம்பைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். பஞ்சை மறந்தால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் மிதக்கும். முதல்தடவை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் நடப்பது இது.

20 முட்டை போதும். 100 எடுத்தால் கடைசி நான்கு நாள் இலை பறித்தே மாளாது.

நாள்வாரியாக

கீழே சொல்வது 25 முதல் 30 டிகிரி வரை உள்ள அறைக்கு. குளிர்ந்த இடத்தில் எல்லாமே நீளும். முட்டையிலிருந்து பூச்சி வரை 19 நாளில் முடிவது 36 நாள் வரைகூட இழுக்கும். டப்பாவை ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் வைத்தால் நீளுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

முட்டையிட்டு இரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரித்த புழு நூல்துண்டு மாதிரி இருக்கும். இலையை ஓட்டை போடாது. மேல்தோலைச் சுரண்டித்தான் தின்னும். சுரண்டிய சின்னப் பள்ளத்தின்மேல் நாலைந்து பட்டு இழைகளைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு அதன் கீழே கிடக்கும். லென்ஸில் பார்த்தால் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பதுபோல் இருக்கும். இந்தக் கட்டத்தில் முற்றிய இலை கொடுத்தால் இலையில் ஒரு கீறலும் இருக்காது, மறுநாள் புழுவும் இருக்காது. பசித்துச் சாகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வயதில் இலையை மாற்றும்போது புழுவைத் தூரிகையால்கூட எடுக்க வேண்டாம். பழைய இலையில் புழு இருக்கும் பகுதியைக் கத்தரித்து, புதுத் தளிரின்மேல் வைத்துவிட்டால் தானே நகர்ந்துகொள்ளும்.

நான்காம் ஐந்தாம் நாளில் முதல் தோலை உரிக்கும். அதையடுத்து வேலையின் சுவாரசியமான பகுதி ஆரம்பம். கொஞ்சம் வளர்ந்ததும் புழு இலையின் ஓரத்தை வெட்டி மடிக்கும். கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி வளைவாக ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு வெட்டு. நடுவில் மிஞ்சுவது கதவுபோல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு. பிறகு அந்தத் துண்டுக்கும் இலைப்பரப்புக்கும் நடுவே தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி நூல் போடும். ஒவ்வொரு நூலும் காயும்போது சுருங்கும், கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். அடுத்த நூல் முந்தையதைவிடக் குட்டையாக விழும். கடைசியில் துண்டு முழுதாக மடங்கிப் படிந்ததும் புழு உள்ளே. பகலில் அங்கேயே இருந்து சுற்றிலும் தின்னும், இருட்டியதும் வெளியே வந்து மேயும்.

டப்பாவில் புழு மடிப்புப் போடவில்லை என்றால் மூன்று காரணத்தில் ஒன்று. இலை முற்றியது, வெட்டினாலும் மடியாது. அல்லது இலை வாடித் தொய்ந்துவிட்டது, நூல் இழுத்தாலும் விறைப்பில்லை. அல்லது ஒரு இலையில் புழு அதிகம், ஒன்று போட்ட மடிப்பை இன்னொன்று தின்றுவிடுகிறது. மடிப்பில்லாத புழு ஓயாமல் அலையும், சுவரில் ஏறும், துணியில் தொங்கும், எடை ஏறாது. ஒரு லிட்டர் டப்பாவுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம்.

இலை மாற்றும்போது மடிப்பைப் பிரித்துப் புழுவை வெளியே எடுக்கும் பழக்கம் தப்பு. மடிப்போடு வெட்டிப் புது இலையில் வைக்க வேண்டும். ஆர்வத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை பிரித்துப் பார்த்தால் அது மூன்று தடவை வீடு கட்ட வேண்டும், அதற்கான பட்டும் தீனியும் வளர்ச்சியிலிருந்து போகும்.

பருவத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் என்று ஐந்து பருவம். கடைசிப் பருவம் கொஞ்சம் கூடுதல். தோலுரிக்கும் முன் சில மணி நேரம் தின்னாமல் அசையாமல் இருக்கும், தலை சின்னதாகவும் கழுத்து வீங்கியும் தெரியும். அப்போது தொடவே கூடாது. தோலுரித்தது நிச்சயமா என்று அறிய, மடிப்புக்குள் கழன்று கிடக்கும் பழைய தலையோட்டைத் தேடினால் போதும். அவற்றை நாள் குறித்து ஒரு காகிதத்தில் ஒட்டி வைத்தால் ஐந்து பருவமும் அளவுவாரியாகக் கையில் இருக்கும். பிறகு தோப்பில் எடுத்த புழுவை இதனோடு ஒப்பிட்டே பருவம் சொல்லலாம்.

நிறத்தை நம்பிப் பருவம் சொல்லக் கூடாது. ஒரே தாயின் புழுக்களில்கூட ஒன்று பச்சை கலந்த சாம்பல், ஒன்று முதுகில் மங்கிய ஆரஞ்சுப் பட்டையும் பக்கத்தில் வெள்ளைக் கோடும், இன்னொன்று முழுக் கறுப்பு. பெருங்கூட்டமாக வரும் காலத்தில் கறுப்பு அதிகம்.

எட்டாம் நாளிலிருந்து இலைத் தேவை மடமடவென்று ஏறும். மொத்தத் தீனியில் பெரும்பகுதி கடைசி இரண்டு பருவத்தில்தான். இப்போது ஓரளவு முற்றிய இலையையும் தின்னும், பெரிய நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு முழுதும் காலி செய்யும். கப்புக்கு ஒரு புழு என்று பிரித்துவிட வேண்டிய நேரம். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவு துண்டு போட்டு, மறுநாள் காலையில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் புழு பட்டினி கிடந்திருக்கிறது. பறித்த தேக்கிலை சீக்கிரம் வாடும். ஈரத் துணியில் சுற்றிப் பாலிதீன் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வெளியே எடுத்ததும் குளிர்ந்த இலையில் நீர் பூக்கும், அதைத் துடைத்துக் காயவைத்துத்தான் போட வேண்டும்.

இலை கிடைக்காத நாளில் நொச்சி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நொச்சியும் இதன் தீவனச் செடிகளில் ஒன்றுதான். அலையாத்திக் காட்டு வெண்கண்டலையும் இது மொட்டையடிக்கும். மும்பைக் கடலோரத்தில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் தேக்கில் பாதி வளர்ந்ததை நடுவில் மாற்றுவது புழுவைப் பணயம் வைப்பது. நொச்சியில் வளர்க்க ஆசைப்பட்டால் முட்டையிலிருந்தே நொச்சியில் தொடங்க வேண்டும்.

கெட்டுப்போகும்போது

கப்பின் சுவரில் நீர்த்துளி தெரிந்தால் அன்றே சரிசெய்ய வேண்டும். அடியில் டிஷ்யூ போட்டுத் தினமும் மாற்றுவதும், புழுக்கையைத் தினமும் கொட்டுவதும் போதுமான மருந்து. புழுக்கை காய்ந்து மணல்போல் உருள வேண்டும். கசகசவென்று ஒட்டினால் ஒன்று ஈரம், அல்லது வயிற்றுக்கோளாறு.

பெரிய வில்லன் வைரஸ். இந்தப் பூச்சிக்கென்றே ஒரு நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ் உண்டு. தோப்புகளில் இயற்கையாகவே பரவி ஆயிரக்கணக்கில் கொல்லும். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் அதையே தெளிப்பு மருந்தாக்கிப் பார்த்தார்கள். வளர்ப்பவருக்கு அது தலைவலி. தின்பது குறையும், நகர்வது மந்தமாகும், தோல் உப்பி மினுமினுக்கும், நிறம் வெளிறும். பிறகு மேலே ஏறிப் பின்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும். தொட்டால் தோல் கிழிந்து கலங்கிய தண்ணீராகக் கொட்டும்.

அந்த ஒரு சொட்டில் அடுத்த தலைமுறையையும் கொல்லும் அளவுக்கு வைரஸ் இருக்கிறது. புரதப் படிகத்துக்குள் பத்திரமாக இருக்கும், காய்ந்தாலும் சாகாது, சோப்பில் கழுவினாலும் போகாது. புழுவின் குடல் கடுங்காரம். அங்கே போனதும்தான் அந்தப் படிகம் கரைந்து வைரஸ் வெளியே வரும். அதனால்தான் வெளுப்பான். செத்த புழுவைக் கப்போடு தூக்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு வீச வேண்டும். டப்பா, தூரிகை, இடுக்கி எல்லாம் வெளுப்பான் கரைசலில் பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். கையையும் கழுவியாக வேண்டும். தீனி போடும் வரிசையும் முக்கியம்: சின்னப் புழுவிலிருந்து பெரிய புழுவுக்கு, நல்ல கப்பிலிருந்து சந்தேகக் கப்புக்கு. எதிர்த்திசையில் போனால் நாமே கொண்டுபோய்ப் பரப்பியதாகும். வைரஸ் வந்த தொகுப்பில் மிஞ்சிய பூச்சிகளை முட்டைக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டாம், தோப்பில் விடவும் வேண்டாம்.

தோப்பிலிருந்து பெரிய புழுவாக எடுத்துவந்தால் இன்னொரு சிக்கல் கூடவே வரும். தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அநேகமாக அது டாக்கினிட் என்னும் ஒட்டுண்ணி ஈ வைத்த முட்டை. புழு நன்றாகத் தின்றுகொண்டே இருந்து, திடீரென்று சுருண்டு, உள்ளிருந்து வெள்ளைப் புழு வெளியே வரும்; மறுநாள் கப்பில் பழுப்பான பீப்பாய் வடிவ உருண்டை கிடக்கும். அதைக் கூட்டுப்புழு என்று காத்திருந்தால் ஈதான் பறக்கும். தேக்குப் பூச்சியின் கூட்டுப்புழு வால்பக்கம் கூராக ஒடுங்கியிருக்கும், சிறகின் அச்சு மேலே தெரியும். ஈயினுடையது இருபுறமும் மழுங்கல். ஈ வந்தால் கோபப்பட வேண்டாம், அதையும் நாள் குறித்து வைப்பதே நல்ல பதிவு. தோப்பில் எத்தனை சதவீதம் ஒட்டுண்ணி இருக்கிறது என்று அறிய வேறு எளிய வழி கிடையாது.

இறங்கும் நாள்

முட்டையிட்ட நாளிலிருந்து 12 முதல் 14-ஆம் நாள் வரையில் புழு தின்பதை நிறுத்தும். தோப்பில் என்றால் இந்த நேரத்தில் பட்டு நூலில் தொங்கித் தரைக்கு இறங்கும். மரத்தடியில் நடந்தால் முகமெல்லாம் நூல். டப்பாவில் சுவரோரமாக ஓயாமல் சுற்றிவரும். அதற்கு முன்தினமே கப்பின் அடியில் சலித்த மண் 2 செ.மீ., அதன்மேல் நொறுக்கிய காய்ந்த சருகு 2 செ.மீ. போட்டுவைக்க வேண்டும். மண்ணை லேசாக ஈரப்படுத்தினால் போதும்: கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. புழு சருகுகளை இழுத்து நூலால் தைத்து உள்ளே கூட்டுப்புழுவாகும்.

தைத்த சருகை இரண்டு நாள் தொடக் கூடாது. புதுக் கூட்டுப்புழுவின் தோல் பாலாடை மாதிரி. விரல் பட்டால் குழியும், குழிந்த இடத்தில் சிறகு கோணும். மூன்றாம் நாள் செம்பழுப்பாக இறுகிவிடும். ஆண், பெண் பார்க்க வேண்டுமென்றால் இப்போது லென்ஸை எடுக்கலாம்: வயிற்றின் அடிப்பக்கம், எட்டாம் கண்டத்தில் (உடல் வளையத்தில்) நீளக் கோடு இருந்தால் பெண், ஒன்பதாம் கண்டத்தில் இரண்டு சின்ன மேடுகளுக்கு நடுவே கோடு இருந்தால் ஆண்.

ஜாவாவில் இதே கூட்டுப்புழுவைத் தேக்கங்காட்டுச் சருகில் பொறுக்கி வறுத்துத் தின்கிறார்கள். நம்மூரில் அது காக்காய்க்கும் மைனாவுக்கும் மட்டுமே விருந்து.

ஆறு முதல் எட்டு நாளில் கூட்டுப்புழு கறுக்கும். சிறகுப் பகுதியில் உள்ளே நிறம் தெரிய ஆரம்பிக்கும். அன்றே கொசுவலைக் கூண்டுக்கு மாற்றி, பக்கத்தில் சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து நிறுத்த வேண்டும். வெளிவந்த பூச்சி எங்காவது ஏறித் தொங்கினால்தான் சிறகு நீளும். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் வழுக்கி வழுக்கி விழுந்தால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. 20 நாள் பாடுபட்டு வளர்த்ததைக் கடைசி அரைமணி நேரத்தில் இழப்பது இப்படித்தான். பூச்சிக்குப் பதிலாக ஒட்டுண்ணிக் குளவி வந்திருந்தால், கூட்டின் தலைப்பக்கத்தில் வட்டமாகக் கடித்த ஓட்டை இருக்கும். பூச்சி வெளிவந்த கூடு பிளந்திருக்கும்.

அடுத்த தலைமுறை வேண்டுமென்றால் மூன்று ஜோடியைக் கூண்டில் விட்டு, ஒரு பங்கு தேனுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துத் தொங்கவிட வேண்டும். தினமும் மாற்ற வேண்டும், புளித்தால் பயன் இல்லை. தளிர்க் கிளை ஒன்றைத் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முட்டை தெரியும். ஒரு பெண் சுமார் 500 முதல் 1000 வரை இடும். தளிர் இல்லாவிட்டால் வலையிலேயே இட்டுவிடும். அவற்றைப் பெயர்த்தெடுப்பதைவிட வலைத்துண்டை வெட்டித் தளிர்மேல் வைப்பது சுலபம்.

தோப்பில் எண்ணுவது

இப்போது டப்பாவில் கற்றதைத் தோப்புக்குக் கொண்டுபோகலாம். பத்து மரத்தில் மேல் இரண்டு ஜோடி இலையைப் பார்க்க வேண்டும். ஓட்டை இல்லாமல் ஊசிமுனைச் சுரண்டல் மட்டும் இருந்தால் முட்டையிட்டு மூன்று நான்கு நாள். விரல்நகத்தைவிடச் சின்ன மடிப்பு என்றால் ஐந்து ஆறு நாள். நரம்பு மட்டும் நிற்கும் இலைகளும், மரத்தடியில் தூறல்போல் புழுக்கை விழும் சத்தமும் இருந்தால் எட்டிலிருந்து பத்து நாள். ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியை மரத்தடியில் ஒரு மணி நேரம் விரித்துவைத்தால் சத்தத்தை நம்ப வேண்டியதில்லை; விழுந்த புழுக்கையின் அளவை டப்பாப் புழுக்கையோடு ஒப்பிட்டுப் பருவம் சொல்லலாம். நூலில் தொங்க ஆரம்பித்துவிட்டால் 12 நாள் தாண்டியாயிற்று.

இந்தக் கடைசி நிலையில் மருந்தடிக்கக் கேட்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அப்போதுதான் மரம் மொட்டையாகக் கண்ணில் படுகிறது. அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். தின்ன வேண்டியதைத் தின்று முடித்தாயிற்று. போதாதற்கு, வெளிவரும் பூச்சிகள் பெரும்பாலும் அதே தோப்பில் தங்குவதில்லை, தளிர் இருக்கும் வேறிடத்துக்குக் கூட்டமாகப் போய்விடும். அடித்த மருந்து சருகில் இருக்கும் ஈயையும் குளவியையும்தான் கொல்லும். எதையாவது செய்து பலன் கிடைப்பது சுரண்டல் தெரியும் நாட்களிலும் சின்ன மடிப்பு நாட்களிலும்தான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் முற்றிய இலைகளில் வலைபோல் அரித்திருந்தால், இந்தக் கணக்கை அங்கே போட வேண்டாம். அது யூடெக்டோனா மாக்கேராலிஸ், தேக்கு இலையரிப்பான். நரம்போடு சின்ன நரம்புகளையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள பச்சையை மட்டும் தின்னும்; இலை மொட்டையாகாமல் சல்லடைபோல் மரத்திலேயே நிற்கும். மடிப்பு இருக்காது, இலைப்பரப்பில் மெல்லிய வலைதான் இருக்கும். அதன் பூச்சி வெளிர்மஞ்சள், முன்சிறகில் சிவந்த வளைகோடுகள். அதை வளர்ப்பதற்குத் தளிர் தேட வேண்டியதில்லை, முற்றிய இலையே போதும்.